டர்ன் ரைட்

12 மார்ச் 1998, வியாழன்

இன்று பௌர்ணமி. அம்மா சாயங்காலம் மறுபடியும் ஆரம்பித்தாள்: "ஒரு தபா கிரிவலம் வந்துடுடா. விசாரணையெல்லாம் தானா சரியாயிடும்."

அவளிடம் எப்படிச் சொல்வது? அன்று விமானக் கட்டுப்பாட்டு அறையில் என் ரேடாரில் இருந்த விமானம் இன்னும் போதிய உயரம் ஏறவில்லை. மலை அதற்கு வலப்பக்கம். 'டர்ன் லெஃப்ட்' சொல்ல வேண்டிய என் வாய் 'டர்ன் ரைட்' என்றது. நடக்கப் பழகிய நாளிலிருந்து மலை என்றால் எனக்கு வலம்தான். விமானி மலையைக் கண்ணால் பார்த்து விலகிக்கொண்டார். மேகம் மறைத்திருந்தால் உள்ளே இருந்த அத்தனை பேரும்.

வேலை திரும்பக் கிடைக்காது. கிடைத்தாலும் மைக்கைத் தொடும் தைரியம் எனக்கு இல்லை.

"வரேம்மா" என்றேன். பதினான்கு கிலோமீட்டரும் மலை என் வலப்பக்கமே வந்தது. ஒருமுறைகூட அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.