கமக்கட்டில் வைத்த துணி

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியத் தொடக்கம் மழை. தீபாவளிக்கு இன்னும் 11 பிளவுஸ் பாக்கி. இருந்தும் மெஷினை மூடிவிட்டு மகளோடு ஆஸ்பத்திரிக்கு. வெள்ளவத்தையில் பஸ் ஏறினோம். தர்ஷியால் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க முடியாது. சீட்டில் சாய்ந்து நின்றே வந்தாள். எழும்பி இடம் கொடுக்க ஒருத்தர் இல்லை, எருமைகள்.

24 வயது. எட்டு வருசமாகக் கட்டிகள். இரண்டு கமக்கட்டிலும், தொடை இடுக்கிலும். உடையும், வடியும், காயும், திரும்ப வரும். இன்றுதான் முதன்முதல் ஸ்கேன். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே மாதிரிச் சாமான், கொஞ்சம் சின்னது.

நேர்ஸ் சிங்களத்தில்: "நங்கி, அத்த உஸ்ஸன்ன." தர்ஷி கையைத் தூக்கினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

வெளியே பார்த்தால் மூன்று கட்டி. திரையில் மூன்றும் ஒன்று. தோலுக்குக் கீழே கறுப்பாக ஒரு பாதை, கிளைவிட்டு முதுகுப் பக்கம் போகிறது. அந்த இடத்தில் தோல் சுத்தமாகத்தான் இருக்கும், நான் சந்தேகப்பட்டதே இல்லை. பாதையின் கரையெல்லாம் சிவப்புச் சிவப்பாக மினுங்கியது. "சிவப்பெல்லாம் ரத்த ஓட்டம். நோய் இன்னும் உள்ளுக்கு அடங்கேல்லை" என்றார் டொக்டர். தமிழ்ப் பெண், சின்ன வயது. போன மாதம் 'இரண்டாம் கட்டம்' என்று எழுதியதை வெட்டி 'மூன்று' என்று எழுதினார். மருந்து மட்டும் போதாதாம். ஒப்பரேஷன். தொடைப் பக்கத்தை அடுத்த புதன் பார்ப்பாராம்.

"இது ஊத்தையால வாறதில்லை அம்மா. தொத்தவும் மாட்டுது. சில குடும்பங்களில பரம்பரையா வரும். உங்கட பக்கம் ஆருக்கும் இருந்ததோ?"

"இல்லை டொக்டர். ஒருத்தருக்கும் இல்லை."

வாய் தானாகச் சொன்னது.

15, புதன்

4 பிளவுஸ் முடிந்தது. வெள்ளை நூல் இல்லை, வாங்க வேண்டும்.

எட்டு வருசமாக அவளுக்கு நான் சொன்னவை:
வடிவாத் தேய்ச்சுக் குளி.
மணக்குது, தள்ளி நில்.
சாப்பாட்டைக் குறை, கொழுப்புத்தான் இப்பிடி வருது.
ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தி, இரண்டு பெருவிரலாலும் நசுக்கியதும் நான்தான். கத்துவாள். "வாயை மூடு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்பேன். பாவி நான்.

எனக்குப் பதினாறில் வந்தது. இரண்டு பக்கமும். முப்பத்தெட்டுக்குப் பிறகுதான் அடங்கியது. கல்யாணத்தன்று மணவறையில் ஒன்று உடைந்து கூறைச் சேலைக்குள் வடிந்தது. அவருக்குக்கூடச் சூட்டுக் கட்டி என்றே சொல்லி வைத்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இதை எழுதவே கை கூசுகிறது.

17, வெள்ளி

தர்ஷிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். பம்பலப்பிட்டியில் படிப்பிக்கிறாள், தினமும் சேலை. கமக்கட்டில் பிறை மாதிரி வெட்டி இரட்டைப் பருத்தித் துணி வைத்திருந்தேன், வடிந்தால் வெளியே தெரியாது. உட்புறத்தைத் திருப்பி நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு முதல் கட்டி வந்த கிழமையே என்ர வெள்ளைச் சட்டையில இப்பிடித் தைச்சுத் தந்தனீங்கள். எங்க வடியும், எவ்வளவு தடிப்பு வேணும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"தையல்காரிக்குத் தெரியாதே?"

பிளவுஸை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விளங்கியிருக்குமோ? விளங்கியிருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பாள், என் பிள்ளைதானே.

வாங்க வேண்டியது: சீனி. ஊசி 14ஆம் நம்பர். உழுந்து.

20, திங்கள். தீபாவளி

எண்ணெய் வைக்கக் கூப்பிட்டேன். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஒரு மணித்தியாலமாகத் தண்ணீர்ச் சத்தம். தட்டு தட்டென்று தட்டினேன். திறந்தபோது கையில் பாத்திரம் தேய்க்கிற நார். கமக்கட்டெல்லாம் இரத்தம்.

"ஐயோ, என்னடி செய்தனீ? ஊத்தை இல்லையெண்டு டொக்டர் சொன்னவா எல்லே?"

"டொக்டர் போன கிழமைதான் சொன்னவா. நீங்கள் எட்டு வருசமாச் சொன்னனீங்கள். குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் வந்தா, அது என்ர ஊத்தைதானே? வெட்டினாலும் திரும்ப வரும். ஒப்பரேஷன் வேண்டாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். துவாயைத்தான் நீட்டினேன்.

வடை சுட்டேன். இரண்டு பேரும் தொடவில்லை.

22, புதன்

மழை விட்டு வெக்கை. கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப் போனேன். தொடைப் பக்கமும் அதே கறுப்புப் பாதை. இப்படியே விட்டால் இன்னும் ஆழமாகப் போகும் என்றார் டொக்டர். தர்ஷி கூரையைப் பார்த்துக்கொண்டு "வேண்டாம்" என்றாள். இரண்டாம் தரம் கேட்டார். "வேண்டாம் டொக்டர்."

எழும்பினேன். சேலைத் தலைப்பை எடுத்தேன். கொக்கிகளைக் கழற்றினேன். அவசரத்தில் ஒன்று அறுந்து விழுந்தது.

"டொக்டர், இஞ்சையும் ஒருக்கா வைச்சுப் பாருங்கோ."

ஜெல் சரியான குளிர். திரையில் என் கமக்கட்டு. சிவப்பு இல்லை, பழைய பாதை. மற்றபடி அவளுடையது மாதிரியே. டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் புண்ணியத்தைச் செய்தார். தர்ஷி எழும்பி உட்கார்ந்து திரையையே பார்த்தாள்.

"எத்தனை வயசில?"

"பதினாறில."

"பதினாறில" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு டொக்டரிடம்: "ஒப்பரேஷனுக்குத் திகதி போடுங்கோ. பிறகு மருந்து கட்ட நான் வேற ஆள் பாக்கிறன். அம்மா தொட வேண்டாம்."

திகதி போட்டார்கள். அந்த அளவுக்காவது நல்லது.

திரும்பி வர பஸ்ஸில் நெரிசல். எனக்கு முன்னால் நின்றாள். டிரைவர் சடாரென்று பிரேக் போட்டான், அவள் விழப் பார்த்தாள், நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கி, மேலே இருந்த கம்பியைப் பிடித்தாள். வெள்ளவத்தை வரும்வரை விடவில்லை.