சுவாமியாரின் அக்கா

முல்லைத்தீவு,
மார்ச் 2004

அன்புள்ள தம்பி,

தேவாலயத்தில் ஞாயிறு பூசையை முடித்ததும் நீ வீட்டுக்கு வராமலே போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளையில்லாதவர்களுக்கு வவுனியாவில் சிகிச்சை நிலையம் கொண்டுவருவேன் என்ற வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டாம் என்று பிரசங்கித்தாய். மறுநாளே அவர் அந்த வாக்குறுதியைக் கைவிட்டார். அந்தச் சிகிச்சைக்காக ஆய்வுகூடத்தில் உருவாக்கி மிஞ்சிப்போகும் கருக்களும் உயிர்கள்தான் என்று நீ சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அது உன் விசுவாசம். அதை ஏற்காதவர்களுக்கும் சேர்த்து ஏன் கதவை மூடினாய்?

அன்று பூசை முடிந்து கோயில் வாசலில் மெற்றில்டா என்னிடம் வந்தாள். கலியாணமாகிப் பல வருடங்கள், பிள்ளை இல்லை.

"ரீச்சர், சண்டை நிண்டு பாதை திறந்த உடனை நீங்களும் இந்தச் சிகிச்சைக்குக் கொழும்புக்கு வெளிக்கிட்டனீங்களாமே. ஏன் போகேல்லை? பாவமெண்டோ?"

"இல்லை. சுவாமியாரின்ர அக்கா எண்டபடியால்."

"நல்லவேளை, என்ர தம்பி மீன் பிடிக்கிறான்!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று உன் அத்தானும் நானும் புறப்பட நின்றபோது நீ கடவுளைப் பற்றிப் பேசியிருந்தால் வாதாடியிருப்பேன். நீயோ, "அக்கா, சனம் என்னைப் பாத்து என்ன சொல்லும்?" என்று மட்டும் கேட்டாய். கட்டிய பையை அவிழ்த்துவிட்டேன். அப்போதே எனக்கு வயது பிந்தியிருந்தது, இனிப் பிள்ளைக்கு வழியில்லை.

வெள்ளிக்கிழமை மெற்றில்டாவை நான்தான் கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன். கோயிலடியில்தான் பஸ் ஏறுவோம். ஊர் பார்க்கும், "கூட்டிப்போறது உங்கட அக்காவோ?" என்று உன்னிடமும் வந்து கேட்கும்.

ஓம், என்ர அக்காதான் என்று சொல்லு.

உன் அக்கா