இரண்டாவது பவர் சப்ளை தெரியவில்லை

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஆபீஸ் கூரை ஒழுகுகிறது. பிரிண்டர்மேல் படங்கு போட்டு மூடியாயிற்று. எனக்கு மூட யாரும் இல்லை, தலையில் சொட்டு.

சர்வர் ரூமில் ஆரஞ்சு விளக்கு. திரையில் இப்படி: பவர் சப்ளை 1, சரி. பவர் சப்ளை 2, கண்டறியப்படவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டாவது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பச்சை லைட்கூட எரிகிறது. என் கண்ணுக்குத் தெரிகிற சாமான் மெஷினுக்குத் தெரியவில்லையாம். வாட் கணக்குப் பார்த்தேன். முதலாவது முழுப் பாரத்தையும் தனியாக இழுக்கிறது, இரண்டாவது பூச்சியம்.

கொழுந்து நிறை, செக்ரோல் என்கிற வரவுக் கணக்கு, சம்பளம் எல்லாம் இந்தப் பெட்டிக்குள். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு இதன்மேல் பாசம் அதனால்தான். எனக்கு வேறு காரணம். மலை உச்சியில் நட்டிருக்கிற மழைமானியும் மண் அசைவு பார்க்கிற கம்பிகளும் இந்தச் சர்வரோடுதான் பேசுகின்றன. மண் நகர்ந்தால் கீழ் லயத்து வரிசை வீடுகளில் சைரனை அடிக்க வைப்பது இதுதான். சைரனுக்குத் தனி சுவிட்ச் கிடையாது. கீழ் லயத்தில் என் அக்கா. பக்கத்தில், பிறந்து முப்பது நாள் கழியாத பிள்ளை.

கொழும்பு சப்போர்ட்டுக்கு போன். "ஹரி நங்கி, பய வென்ன எப்பா" என்றார் அங்கிருந்தவர், சிங்களத்தில். பயப்படக் கூடாதாம். கோளாறு பதிகிற லொக்கை அழிக்கச் சொன்னார். அழித்தேன். பச்சை வந்தது. காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசினது மாதிரி.

நிவித்திகல டவுனில் வாங்க: கிரைப் வாட்டர், அக்காவுக்குப் பூண்டு, செருப்புக்கு வார்.

ஜூன் 3, செவ்வாய்

மழை. மறுபடி ஆரஞ்சு. சொன்னேனா இல்லையா.

இரண்டாவதை இழுத்து, தூசி தட்டி, திரும்பச் செருகினேன். இல்லை. வேறு வயர் போட்டேன். இல்லை. அடுத்த வேலை ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது. கோளாறு சப்ளையோடு போகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அதற்குச் சர்வரை நிறுத்த வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவனின் காலைத் தட்ட முடியாதே.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. முதலாவது சுவர்க் கரண்டில் இருக்கிறது, இரண்டாவது யூபிஎஸ்ஸில். இப்போது கரண்ட் போனால் சர்வர் அணையும். யூபிஎஸ் பக்கத்திலேயே முழித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

துரையிடம் போனேன். மனிதர் கெட்டவர் இல்லை. காது மட்டும் கொழும்புப் பக்கம்.

"சம்பளம் போடுற நேரம். நிப்பாட்ட ஏலாது."

"கொஞ்ச நேரந்தான் சார். கரண்ட் போனா சைரனும் போயிரும்."

"நேத்து பச்ச வந்திச்சுதானே? இன்னிக்கும் அப்படியே செய்ங்க."

இரண்டு வருடம் கணினி படித்தது பச்சை வர வைப்பதற்கு.

ஜூன் 4, புதன்

துரை இரத்தினபுரிக்கு மீட்டிங் போனார். நல்ல காலம். யாரிடமும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சர்வரை நிறுத்தினேன். சைரன் ஊமையாக இருக்கிற நேரம் பார்த்து மண் நகர்ந்தால் என் கதி என்ன?

இடம் மாற்றினேன். கோளாறு இரண்டாவது இடத்திலேயே நிற்கிறது. சப்ளை நல்லது. அது பொருந்துகிற உள் போர்டு செத்துவிட்டது. ஆக, இது இனி ஒரே ஒரு சப்ளையில் ஓடுகிற சர்வர். யூபிஎஸ் வயரை அந்த ஒன்றுக்கே மாற்றிவிட்டு ஏற்றினேன். மலைக் கம்பிகளிலிருந்து கணக்கு வர ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது.

யூபிஎஸ் பாட்டரியைப் பார்த்தேன். பக்கம் வீங்கியிருக்கிறது. ஜெனரேட்டர் எழும்பும்வரை தாங்கினால் சரி.

போர்டு எப்போது வரும் என்று கொழும்பைக் கேட்டேன். "லபன சதியே நங்கி." அடுத்த கிழமை. மழைக்கும் அதைச் சொல்லிவைக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

காலையில் எல்லாம் பச்சை! ஆரஞ்சே இல்லை. ஒரு நிமிடம் சாமி கும்பிட்டேன்.

பிறகு பார்த்தால் பட்டியலில் பவர் சப்ளை 2 என்ற வரியே இல்லை. கொழும்பிலிருந்தபடியே அதைக் கண்காணிப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். இல்லாத சாமானுக்கு அலாரம் எதற்கு என்கிறார் சப்போர்ட்காரர். துரை சிரித்துக்கொண்டு, "இப்ப சரிதானே?" என்றார். விளக்கு கத்திக்கொண்டிருந்தபோது இருந்த தைரியமும் போய்விட்டது.

வேலை விட்டு அக்காவிடம் போனேன். மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் செம்மண் நிறம். லயத்துக்குப் பின்னால், கக்கூஸ் பக்கம், தரை பிளந்து ஒரு கோடு. என் செருப்பு நுழைகிறது. பிள்ளை நன்றாகத் தூங்கியது. கன்னத்தைத் தொட விடவில்லை அக்காவின் மாமியார். நான் வெளியிலிருந்து வந்தவளாம், கை கால் கழுவ வேண்டும். அத்தையின் சட்டத்துக்கு அப்பீல் கிடையாது. மச்சான் கொழும்பில் ஹோட்டல் வேலை. அதனால் வீட்டுக்கு அத்தைதான் துரை.

"அக்கா, புள்ளய தூக்கிகிட்டு மேல ஸ்கூலுக்கு வந்துரு. ரெண்டு நாளைக்குத்தான்."

"சைரன் அடிச்சிச்சா?"

"அடிக்கல."

"நீதான சைரன் வச்ச அன்னிக்கு மைக்க புடிச்சு எல்லாருக்கும் சொன்ன, அது அடிச்சா போங்கன்னு? அடிக்காம பச்சப்புள்ளய கொட்டுற மழையில தூக்கிகிட்டு போறதா?"

அத்தை: "முப்பது கழியாம வாசப்படி தாண்டக் கூடாது. அதயும் இவ படிக்கலயா?"

லயத்தில் எல்லாரிடமும் இதே பதில். சைரன் என்று ஒன்று பொருத்துவதற்கு முன்னால் மழை கனத்தாலே ஸ்கூலுக்கு ஓடிக்கொண்டிருந்த சனம்.

ஜூன் 6, வெள்ளி

மழை விடவில்லை. மண் அசைவு மஞ்சளுக்கு வந்துவிட்டது. சிவப்பு வந்தால்தான் சைரன். திரையை விட்டு எழுந்திருக்கவே பயம். டீ ஆறி ஆடை படிந்து, அதையே குடித்தேன்.

துரையிடம் மஞ்சளைக் காட்டினேன். மேலிடத்துக்கு மெயில் போட்டார். மஞ்சள் என்றால் கவனமாக இருப்பது மட்டும்தான் என்று பதில். கவனமாக இருக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வது, தெரியவில்லை. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

அக்கா போனில்: "பீலியில தண்ணி நின்னுருச்சுடி. இந்த மழையில எப்படி நிக்கும்?"

ஜூன் 7, சனி

மேல் ஸ்கூல் விறாந்தையில் இருக்கிறேன். வேறு பேப்பர் இல்லை. வந்த வீடுகளை இதிலேயே குறிக்கிறேன், நடுவில் நடந்ததையும்.

மத்தியானம் கரண்ட் போனது. எங்கோ மரம் விழுந்திருக்கும். யூபிஎஸ் தாங்கியது. ஜெனரேட்டர் எழும்பியது. அந்த நேரம் பார்த்து பெக்டரியில் தேயிலை ரோலர்களை மொத்தமாகப் போட்டுவிட்டார்கள். லைட்டெல்லாம் மங்கியது, யூபிஎஸ் ஒரு முறை கீச்சென்றது, சர்வர் செத்தது. அந்த ஒரு சப்ளை போய்விட்டது. கழற்றி, மற்றதைச் செருகினேன். ஏறவில்லை. போர்டு முழுதாகப் போயிருக்க வேண்டும். அணைவதற்கு முன் கடைசியாகப் பார்த்த கோடு மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குப் பக்கத்தில்.

போனில் சிக்னல் இல்லை. துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார், ஆள் கூட்டிவர. ரோடு இருக்கிறதோ என்னவோ.

நான் கீழே ஓடி லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். "சர்வர் செத்துருச்சு, சைரன் இனி அடிக்காது, வாங்க!" கேட்டுக்கொண்டார்கள். சிரித்தார்கள். "அடிக்கலன்னா நல்லதுதானே தங்கச்சி." அக்கா வீட்டில் அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டு, பிள்ளை இப்போதுதான் கண் மூடியது, கத்தாதே என்று அனுப்பிவிட்டார். அழுதுகொண்டே மேலே ஏறினேன். அழுகை பாதி, ஆத்திரம் பாதி.

பாதி வழியில் மூளை வேலை செய்தது. இந்தத் தோட்டத்தில் எதற்குக் கூப்பிட்டாலும் நாலு பேர் வருவார்கள், நாற்பது சாக்குச் சொல்வார்கள். எழவுக்கு மட்டும் வீட்டைப் போட்டது போட்டபடி வருவார்கள்.

ஸ்கூலுக்குப் பக்கத்து வீடு செல்லையா அண்ணன். எழவுக்குத் தப்பு மோளம் அடிக்கிறவர்.

"யாரும்மா போனது?"

"அண்ணே, அடிங்க. அப்புறம் சொல்றேன். ஸ்கூல்ல நின்னு அடிங்க."

முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "சாவு இல்லாம சாவு மோளம் அடிச்சா, அது சாவ தேடிகிட்டு வரும் புள்ள."

"அது ஏற்கனவே வந்துகிட்டுத்தான் இருக்குண்ணே."

வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். மழைக்குத் தோல் இறுகவே இல்லை. பிறகு இறுகியது. அடித்தார்.

வருகிறார்கள். படங்கு போர்த்திக்கொண்டு, குடை பிடித்து, பிள்ளைகளை இடுப்பில் வைத்து, படிக்கட்டு முழுக்க. கிழடுகளைத் தூக்கிக்கொண்டு. ஏமாற்றினேன் என்று அடிக்கட்டும், பரவாயில்லை. சிலர் பாதியிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள், யாருக்கென்று தெரியாமலே.

முதல் வரிசை வந்தாயிற்று. இரண்டாம் வரிசை வந்தாயிற்று. மூன்றாம் வரிசையில் கடைசி வீடு மட்டும் பாக்கி. அக்கா வீடு.

மலைப் பக்கம் மரம் முறிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. செல்லையா அண்ணன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

அத்தை வந்துவிட்டார். தனியாக. மூச்சு வாங்க, "யாருடி செத்தது?" என்கிறார்.

"அக்கா எங்க அத்தே? புள்ள எங்க?"

"பச்ச ஒடம்புக்காரிய எழவுக்கு கூட்டிகிட்டு வருவாங்களா? சாவு மோளம் காதுல விழக் கூடாதுன்னு ரெண்டு பேரு காதுலயும் பஞ்சு வச்சு, ஜன்னல சாத்தி, வெளியால பூட்டுப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

சாவி அவர் முந்தானை முடிச்சில். முடிச்சு நனைந்து இறுகிவிட்டது, அவிழவில்லை. பல்லால் கடித்து இழுக்கிறார். செல்லையா அண்ணன் கத்தியோடு வருகிறார். சாவி கைக்கு வந்ததும் நான் இறங்குகிறேன்.