இடது காறை எலும்பு

நைனா,

காலையிலிருந்து சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவுகிறேன், விரலிடுக்கில் ஏரிச் சேற்று வாடை போகமாட்டேன் என்கிறது. முட்டை அழுகின மாதிரி ஒரு வாடை, முகத்துவாரத்துச் சேற்றுக்கே உரியது. நீ வலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது இதுதான் உனக்கு முன்னால் வரும். "முதல்ல போய்க் குளி" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். இப்போது அதே வாடையோடு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை உன் தம்பி, சித்தப்பா, வந்தார். கூட நண்டு வலைக்காரர்கள் இரண்டு பேர். ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஈரத் துண்டு சுற்றி எதையோ வாசலில் வைத்தார்கள். வலையில் மனுச உடம்பு சம்பந்தமாக எது சிக்கினாலும் நம் ஆட்கள் திருப்பித் தண்ணீரில் போடமாட்டார்கள், கரைக்குக் கொண்டுவந்தே தீருவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அன்றைய நண்டையெல்லாம் ஏரியிலேயே கொட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"போலீசுக்குச் சொல்லியாச்சும்மா. அவங்க வர்றதுக்குள்ள நீ ஒரு தபா பாத்து சொல்லு. நீ எலும்புக்குப் படிச்ச பொண்ணாச்சே" என்றார் சித்தப்பா. யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலை நிறைய மல்லிகை.

துண்டை விலக்கினேன். காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே, தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் குறுக்காக ஓடுமே, அது. உனக்கு நான் விளக்க வேண்டுமா என்ன? அதை உன்மேல்தானே படித்தேன்.

பிசியோதெரபி முதல் வருஷம். கூடப் படித்தவர்கள் சீனியர்களிடமிருந்து பழைய எலும்பு செட் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நானும் வாங்கட்டுமா என்று கேட்டதுதான் தாமதம், அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "எவனோ செத்தவன் எலும்ப என் வீட்ல கொண்டாந்து வச்சா நான் வெளிய போயிடுவேன்." நீ சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வலையோடு தரையில் உட்கார்ந்தாய். "செத்தவனது எதுக்கு? உசுரோட ஒருத்தன் கீறேன்ல, எம்மேல படி" என்றாய்.

நம்மூர்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் செதுக்கி வைத்த கல் எலும்புக்கூடுகளைப் பார்த்தாலே சின்ன வயசில் உன் லுங்கிக்குள் ஒளிந்துகொள்வேன். அந்தப் பெண்ணா எலும்பு படிக்கிறாள் என்று உனக்கு ஒரே சிரிப்பு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீ கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பாய், நான் ஸ்கெட்ச் பேனாவால் உன் முதுகில் கோடு இழுப்பேன். தோள்பட்டை எலும்பை வரைந்தபோது கண்ணாடியில் திரும்பிப் பார்த்து, "திருக்கைக் குட்டி ஒண்ணு ஒட்டினு கீற மாதிரி இல்ல?" என்றாய். கோடுகளை அழிக்காமல் அப்படியே மீன் ஏலத்துக்குப் போவாய். கேட்டவனிடமெல்லாம், "எம் பொண்ணு என்னைப் பங்கு போட்டு வச்சிருக்கா" என்று பெருமை வேறு.

ஒருநாள் பரீட்சை வைத்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். "நான் பொணம். பொணம் பேசாது. நீயே கண்டுபுடி" என்று மல்லாந்து படுத்தாய். விலாக்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். திடீரென்று கைக்கு அடியில் விலா ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நைனா" என்றேன். "நைனா!" பதிலே இல்லை. நெஞ்சில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய், எனக்கு அழுகை வந்துவிட்டது. "சீ, இதுல இன்னா விளையாட்டு" என்று பேனாவை வீசி எறிந்தேன். சாயங்காலம் வரைக்கும் உன்னோடு பேசவில்லை.

உன் இடது காறை எலும்பின் நடுவில் ஒரு மேடு இருந்தது. படகைக் கரையேற்றும்போது உருட்டுக்கட்டை எகிறி அடித்து முறிந்த இடம். புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். கட்டுப் பிரிக்கச் சொன்ன நாளுக்கு முன்பே நீயே பிய்த்து எறிந்துவிட்டு ஏரிக்குப் போனால் எலும்பு எப்படி நேராக ஒட்டும்? கோணலாக ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு நின்றுவிட்டது. நான் கண்ணை மூடியிருந்தாலும் அந்த முண்டு தட்டுப்பட்டால் போதும், இது என் நைனா என்று தெரிந்துவிடும்.

போன ஐப்பசிக் காற்றில் தனியாகக் கடலுக்குப் போனாய். படகு மட்டும் வந்தது. ஆளில்லாமல் முகத்துவாரத்துக்குள் நுழைந்து, இத்தனை கரை இருக்க, நம் கரையில் வந்து தட்டி நின்றது. உன் செருப்பு உள்ளே ஜோடியாக இருந்தது. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்றார் சித்தப்பா. "உடம்பக் கண்ணால பாக்காம நான் பூவ எடுக்கமாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். தினமும் உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். எனக்கு இப்போது கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இவளை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டு எப்படிப் போவது, நீயே சொல்.

உன் முகம் எனக்கு மங்கிக்கொண்டே வருகிறது நைனா. சொல்லவே பயமாக இருக்கிறது. எலும்பு மட்டும் மங்கவில்லை. பொன்னேரி பஸ்ஸில் முன்னால் நிற்கிற எவனோ ஒருவனின் சட்டைக்குள் உன் தோள் அசையும். தூக்கம் பிடிக்கிற நேரத்தில் என் கைக்கு அடியில் உன் விலா வந்து நிற்கும், ஏறாமல், இறங்காமல்.

"ஆட்டெலும்பா இருக்குமாம்மா?" என்றார் சித்தப்பா, பாவம், ஆசையாக.

"ஆட்டுக்கும் மாட்டுக்கும் இந்த எலும்பே கெடையாது சித்தப்பா. இது மனுசனோடது."

எந்தப் பக்கத்து எலும்பு என்று பார்க்க, காலேஜில் பழகின பழக்கத்தில், அதை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தேன். "ஐயோ, மேல வைக்காதம்மா!" என்று வலைக்காரர் ஒருவர் பின்னால் நகர்ந்தார். அது சில்லென்று, வளைவோடு வளைவு பொருந்தி, என் தோளில் உட்கார்ந்துகொண்டது. இடது பக்கம்தான்.

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் வாயில் பொய் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் எலும்பின் நடுவைத் தடவினேன். அப்போது என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? நீயாக இருக்க வேண்டும் என்றுதான். அம்மா அழுது முடிக்கட்டும், நான் ஊரைவிட்டுப் போகிறேன், இதோடு தீரட்டும் என்றுதான். பெற்றவனுக்காகப் பெண் வேண்டுகிற வேண்டுதலா இது!

மேடு இல்லை. வழவழவென்று இருந்தது. மறுபடி தடவினேன், மறுபடியும் தடவினேன். நீ இல்லை.

நெஞ்சோடு சேர்கிற முனையைத் திருப்பிப் பார்த்தேன். உடம்பில் மற்ற எலும்பெல்லாம் வளர்ந்து முடிந்த பிறகு கடைசியாக முடிகிற இடம் அது. இதில் அது முடியவே இல்லை. தண்ணீர் வடிந்த மணல் மாதிரி வரிவரியாகக் கிடந்தது.

"நைனா இல்லம்மா" என்றேன்.

அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று சித்தப்பாவைப் பார்த்து விரலை ஆட்டினாள். பிறகுதான் கேட்டாள், "அப்ப ஆரு இது?"

"யாரோ சின்னப் பையன்மா. பாத்த வரைக்கும் இருபது வயசுதான் இருக்கும்."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வந்து டப்புப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். துண்டை உதறி, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி மூடினாள். "இவனப் பெத்தவ எந்தக் கரையில உக்காந்துனு கீறாளோ" என்றாள். தலையிலிருந்து பூவில் பாதியைக் கிள்ளி அதன்மேல் வைத்தாள். போலீஸ் வந்து பூவோடுதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அவரோடது வந்தா உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"இந்த எலும்பு இல்லாம வேற எதுனா வந்தா?"

கொஞ்சம் யோசித்தேன். உன் முழங்கால் சில்லு, உன் விரல் கணுக்கள், உன் கெண்டைக்கால் எலும்பு எல்லாம் கைக்கு அடியில் வரிசையாக வந்து போயின. "அதுவும் தெரியும்" என்றேன். பொய் இல்லை, நைனா.

குழம்பை ஊற்றினாள். "அப்ப நீ எந்த ஊருக்கும் போவாத. அவரு வர்றப்போ பாத்து சொல்றதுக்கு நீ இங்க இருக்கணும்."

கோபம் தலைக்கு ஏறியது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் உன்னை எலும்பு எலும்பாகத் தெரிந்தவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதானே. "சரிம்மா" என்றேன்.