கயிறு நீளமாகத்தான் இருந்தது

கடலாடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா நாகஜோதி எழுதுவது. இங்கே ஆடு, மாடு, நான் மூவரும் நலம். மூவரில் ஒழுங்காகத் தின்பது ஆடு மட்டும்.

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதம். என் கையெழுத்தைப் பார்த்து டாக்டர் சீட்டு என்று மெடிக்கலில் நீட்டிவிடாதே.

உன் அய்யாவின் கருமாதி முடிந்து நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகும் துக்கம் கேட்க ஆட்கள் வருகிறார்கள். காபியைக் குடித்துவிட்டு, மாட்டுக்கொட்டகையை ஒட்டி நின்று, கடைசியில் அவர் மேலேயே விழுந்த அந்தப் பட்ட பனையை ஆளுக்கொரு பக்கமாக வாயாலேயே மறுபடி சாய்க்கிறார்கள். வடக்கே சாய்த்திருக்க வேண்டும் என்கிறார் ஒருத்தர். வடக்கே இருப்பது அவருடைய பங்காளி வீடு. காபியில் சீனி போட்டேனா உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

முந்தாநாள் உன் ரூம்மேட் சிநேகா பேசினாள். அடுத்த வாரம் பிசிக்ஸ் பரீட்சைக்கு நீ போகப் போவதில்லையாம். "என் கணக்குதான் அய்யாவக் கொன்னுருச்சு" என்றாயாம்.

நீ போனில் சொன்னபடிதான் அவர் கடப்பாரையை நட்டு, அதன் நிழலையும் பனையின் நிழலையும் அளந்து சொன்னார். மரம் நாற்பத்திரண்டு அடி, இழுப்பவர் மேல் விழாமல் இருக்கக் கயிறு அதில் ஒன்றரை மடங்கு வேண்டும் என்றாய். அன்று சாயங்காலமே டீக்கடையில் முனியசாமியிடம், "எம் மக மேட்டுப்பாளையத்துல இருந்துக்கிட்டே எங்க பனைய அளந்துட்டா. ஒம் மகன் ஒங்க வீட்டு வாசப்படிய அளப்பானா?" என்று கேட்டு வம்பை வாங்கிக்கொண்டு வந்தார்.

நேற்றுக் காலையில் நானே அளந்தேன். மரம்தான் படுத்துக் கிடக்கிறதே, நிழல் எதற்கு? தையல் டேப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு தவழ்ந்தேன். முத்தழகு அத்தை வேலியோரம் நின்று, "ஏத்தா, மரத்துக்குச் சட்டையா தைக்கப் போற?" என்றாள். "ஒங்களுக்கும் சேத்து அளக்கவா?" என்றேன். அடிக்கட்டையையும் சேர்த்து நாற்பத்திரண்டு அடி, ஒரு சாண் கூட. கயிற்றையும் விரித்து அளந்தேன். எழுபது அடி, நீ கேட்டதைவிட ஏழு அடி கூடுதல். உன் கணக்கில் பிழை இல்லை.

நான் தவழ்ந்ததைக் கேள்விப்பட்டுத்தான் உன் செல்லச்சாமி சித்தப்பா சாயங்காலம் வந்து வாய் திறந்தார். அவரும் உன் அய்யாவும் கயிற்றின் கடைசியில்தான் நின்று இழுத்தார்களாம். மரம் அசைந்ததும் கயிறு தொய்ந்திருக்கிறது. உன் அய்யா கையில் இருந்ததை விட்டுவிட்டு, கயிற்றை முன்னால் பிடிக்க மரத்தைப் பார்த்து ஓடியிருக்கிறார். வெள்ளாமை இல்லாத மாசத்தில் மாரியூருக்குக் கரைவலை இழுக்கப் போவாரே, அங்கே அப்படித்தான். வலை கரைக்கு வர வர, கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி முன்னால் பிடிக்க வேண்டும். "அண்ணே, இது வலை இல்லண்ணேன்னு கத்துறதுக்குள்ள, மதினி..." என்றார் சித்தப்பா. நான் அவருக்கும் காபி கொடுத்தேன்.

எனக்குத் தேற்றத் தெரியாது, ஆத்தா. அளந்ததைச் சொல்லிவிட்டேன்.

பரீட்சைக்குப் போ. நிழல் கணக்கு வந்தால் விட்டுவிடாதே. கயிறு நீளம் கேட்டால், இழுப்பவர் நின்ற இடத்தை விட்டு முன்னால் வரக்கூடாது என்று ஒரு வரி சேர்த்து எழுது. அதற்கு மார்க் தர மாட்டார்கள். இருந்தாலும் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு. உன் மார்க்கைச் சொல்ல இனி டீக்கடைக்கு நான்தான் போக வேண்டும். வெறுங்கையோடு அனுப்பிவிடாதே.

உன் அம்மா,
நாகஜோதி