நாற்றமில்லாத டீசல்

செவ்வாய்க்கிழமை, தாம்பரம்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

காகித ஆலைக் கழிவிலிருந்து டீசல் எடுக்கும் எங்கள் கூடுவாஞ்சேரி ஷெட்டுக்கு இன்று ஒரு பஸ் கம்பெனி முதலாளி வந்தார். ஷெட்டின் சொந்தக்காரன் சேகர், கல்லூரியில் என் ரெக்கார்டைப் பார்த்து எழுதியே பாஸானவன், அவர் முன்னால் ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டினான்.

அவர் கேனை மோந்து பார்த்தார். "இன்னா சார், பங்க் டீசல் மாதிரியே கீது!"

மாதிரி என்ன மாதிரி? காலையில் சேகர் ஜிஎஸ்டி ரோடு பங்கில் பிடித்து வந்ததுதான் அது.

அங்கே கெமிஸ்டான நான் எடுத்த டீசல் பழுப்பு நிறம். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும். ஆனால் நேற்று முழுவதும் அதே ஜெனரேட்டர் அதில்தான் ஓடியது. சேகரும் பக்கத்தில் நின்று பார்த்தான்.

வந்தவர் போனதும், ஏன் என் டீசலைக் காட்டவில்லை என்று சேகரிடம் கேட்டேன்.

"நாத்தத்த எவன் மச்சான் வாங்குவான்? சும்மா பேஜார் பண்ணாத," என்று சிரித்தான். என் கேனைத் தூக்கிப் போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தான்.

நாற்றத்தைப் போக்க வழி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உண்மையே போதுமான இடத்திலும் பொய் சொல்கிற ஜென்மம்.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். பிறகு என் டீசலைத்தான் அனுப்புவான், பஸ்கள் நாறும். "கெமிஸ்ட் பண்ண தப்பு சார்" என்று என்னைக் கைகாட்டுவான்.

காலையில் இந்தப் பக்கத்தைக் கிழித்து அந்த முதலாளிக்குத் தபாலில் போடப்போகிறேன். கையெழுத்துப் போடமாட்டேன்; தேவையும் இல்லை. அந்த ஷெட்டில் டீசல் எடுக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் என்பது சேகருக்குத் தெரியும்.