வாய் நிறையக் கூப்பிட ஒரு பேர்

இன்றைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் என் பேரை நாற்பது தடவையாவது கத்தியிருப்பான். "அண்ணாமல, அண்ணாமல, திருவண்ணாமலேய்..." என்று தகரத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். உன் தம்பி வீட்டில் வளைகாப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்த மயக்கத்தில் ஒரு தடவை "இன்னாப்பா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. இதே பஸ் ஸ்டாண்டில் நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?

உலகத்தில் எத்தனையோ பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. அவர்களுக்கெல்லாம் புருஷன் பேர் வேறு, ஊர்ப்பேர் வேறு. நீ ஒருத்திதான் புருஷன், ஊர், மலை, சாமி நாலும் ஒரே பேரில் இருக்கிற வீட்டில் வந்து மாட்டிக்கொண்டாய். பேரைச் சொன்னால் என் ஆயுசு கம்மியாகிவிடும் என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமான புதிதில் தாய்வீட்டிலிருந்து தனியாகத் திரும்புகிறாய். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்க, நீ புத்திசாலித்தனமாக "கடைசி ஸ்டாப்பு" என்றிருக்கிறாய். அது பாண்டிச்சேரியிலிருந்து பெங்களூர் போகிற பஸ். பெங்களூருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். நம் ஊரில் நீ இறங்கும்போது அவன் விடவில்லை.

"ஏம்மா, பெங்களூரு டிக்கெட்டு வாங்கிக்கினு இங்க எறங்குற? ஊரு பேர சொல்லக்கூடாதா? இன்னா, உங்க வீட்டுக்காரு பேரா?"

நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாயாம். பஸ் மொத்தமும் புரிந்துகொண்டது. "அப்ப அவரு பேரே திருவண்ணாமலையா?" என்று ஒரு கிழவர் கேட்டாராம்.

"முன்னாடி இருக்கிற திரு இல்லாம" என்றாயாம் நீ.

அன்றிலிருந்து கொஞ்ச நாள் சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னை "திரு இல்லாதவரே" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்தவனுக்குத் திரு எங்கிருந்து வரும்?

தீபத்தன்று இன்னும் வேடிக்கை. மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே "அண்ணாமலைக்கு அரோகரா" என்று எழும்பும். நீ கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு "க்கு அரோகரா" என்பாய். முன்பாதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும், பின்பாதி உன் பொறுப்பு. சாமிக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தோடு விட்டார்களா? பெரியவன் பிறந்தான். எங்கள் வழக்கப்படி அவனுக்கு என் அப்பா பேர், அருணாசலம். மாமனார் பேரையும் நீ சொல்லக்கூடாது. ஒரே பிள்ளையாக, தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அவனை நீ "பெரியவனே" என்று கூப்பிட ஆரம்பித்தாய். பக்கத்து வீட்டுக்காரி, "சின்னவன் எங்கடி?" என்று தேடினாள். அம்மா வேறு வீட்டிலேயே இருந்தாள். அவள் பேர் உண்ணாமலை. ஆகக்கூடி நம் வீட்டில் உன்னால் பேர் சொல்லிக் கூப்பிட முடிந்த உயிர் ஒன்றே ஒன்றுதான், மணி. அது நாய்.

எண்பத்தொன்பதில் நீ இரண்டாவது தடவை உண்டாகியிருந்தபோது மாடி அறைக்கு ஹெல்காவும் அவள் புருஷனும் குடிவந்தார்கள். ஐஸ்லாந்து என்று ஒரு தேசம். ஆசிரமத்துக்கு வந்தவர்கள் நம் மாடியிலேயே ஒரு வருஷம் தங்கிவிட்டார்கள். ஹெல்கா மொட்டைமாடியில் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு இருபது தடவை "யோன்! யோன்!" என்று கத்துவாள். தெருமுனை டீக்கடையிலிருந்து அவள் புருஷன் வருவார். நீ துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒரு நாள் மாடியில் என்னை நடுவில் உட்காரவைத்துப் பேச்சு நடந்தது. என் சைக்கிள் கடை இங்கிலீஷ் உனக்குத் தெரியும், காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்கிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு நான் புரிந்துகொண்டது இது. அவர்கள் ஊரில் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாதாம். அப்பா பேரோடு மகன், மகள் என்று ஒட்டிக்கொள்வார்களாம். கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்குப் பேர் மாறாதாம். நாட்டை ஆளுகிறவராக இருந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம்.

"நம்ம இன்ஷியல் மாதிரிதான்" என்று நீ முதல் பாதியை ஒத்துக்கொண்டாய். மீதிதான் உனக்கு இறங்கவில்லை. "அது சரி, புருசன் பேர இந்தக் கத்து கத்தறாங்களே, அவருக்கு ஒண்ணும் ஆவலையான்னு கேளுங்க."

கேட்டேன். ஹெல்கா சிரித்தபடி கீழே கையைக் காட்டினாள். எழுபது வயது யோன், நம் கடை சைக்கிளில் மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? நாள் பூரா கூப்புடறாங்க, மனுசன் கல்லு மாதிரி இருக்காரு. நீயும்தான் ஒருவாட்டி என்னைக் கூப்புடேன்" என்றேன்.

"ஐயோ, அவரு அந்த ஊரு சாமி பொறுப்பு. நீங்க உள்ளூரு" என்று எழுந்துவிட்டாய்.

அன்று சாயங்காலம்தான் நீ என்னிடம் கேட்டாய். புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. இதைத்தான் கேட்டாய். "இந்தக் கொழந்தைக்காவது நான் வாய் நிறையக் கூப்புடற மாதிரி ஒரு பேரு வைங்க. உங்க வீட்டு ஆளுங்க பேரு எதுவும் வேணாம். தெருவுல நின்னு கூப்புட்டா அது ஓடிவரணும். அவ்ளோதான்."

சரி என்றேன். சரி சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நீ அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டாய். ஆண் என்றால் முருகன் என்று உடனே முடிவாயிற்று. பெண் பேர்தான் ஆராய்ச்சி. மாடியில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுப் பார்த்தாய். "சாந்தி வாய்க்குள்ளேயே நின்னுபோவுது. ரேவதி பாதி தூரம் போவுது. புவனேஸ்வரி கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள பாப்பா காலேஜுக்குப் போயிடும்." ஹெல்காவும் கூட நின்று காதில் கையை வைத்துக் கேட்டு மார்க் போட்டாள். கடைசியில் லீலா. "லீலா... ஆ" என்று நீ இழுத்தபோது தண்ணீர்த் தொட்டியடியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் என்று முடிவு செய்தாய்.

பெண்தான் பிறந்தது. தொட்டிலில் போடுகிற நாளுக்குள் அம்மாவிடம் நான் விஷயத்தைச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. சொல்லலாம் என்று அவளிடம் போவேன். அவள் நிமிர்ந்து "இன்னாடா?" என்பாள். "காபி இருக்குதா?" என்பேன். அந்தப் பத்து நாளில் நான் குடித்த காபிக்குக் கணக்கே இல்லை. தொட்டில் போடுகிற அன்று காலையில் என் அக்கா அத்தை முறைக்கு வந்து உட்கார்ந்து, குழந்தை காதில் மூன்று தடவை "உண்ணாமலை, உண்ணாமலை, உண்ணாமலை" என்று சொன்னாள். அம்மாவுக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. நீ என்னைப் பார்த்தாய். நான் தொட்டில் கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன். நல்ல முடிச்சு.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம்தான் கிடையாதே, அதனால் நீ கோபமாக இருக்கிறாய் என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஐந்து வருஷம் அந்தப் பெண்ணை நீ "பாப்பா" என்றாய், "கண்ணு" என்றாய், அவசரத்தில் கையைத் தட்டினாய். தெருவில் விளையாடும் பிள்ளைகளை மற்ற அம்மாக்கள் பேர் சொல்லி அழைக்கும் நேரத்தில் நீ நடந்தே போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாய். நான் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க நீயே கூட்டிப்போனாய். எனக்குக் கடையில் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், கிரிவலக் கூட்டத்துக்கு நான் சைக்கிள்களைத் தயார் செய்கிற பௌர்ணமிக்கு முந்தின நாளாகப் பார்த்துத்தான் நீ கிளம்பியிருக்கிறாய். நடந்ததைப் பாப்பாதான் வந்து நடித்துக் காட்டினாள். பிள்ளை பேரென்ன என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்க, நீ வெடுக்கென்று "லீலா" என்றாயாம். பாப்பாவே, யாரது என்று திரும்பிப் பார்த்தாளாம்.

"இன்ஷியல்? அப்பா பேரு சொல்லுங்கம்மா."

நீ ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாயாம்.

"என்னம்மா, மலையக் காட்டறீங்க? அந்த மலைக்கு ரெண்டு பேரு இருக்கு. இதுவா, அதுவா?"

"எங்கப்பா பேரு அண்ணாமலை, டீச்சர். அருணாசலம் எங்க தாத்தா. அம்மா ரெண்டையும் சொல்லமாட்டாங்க. சொன்னா ஆயுசு கம்மியாயிடும்."

இப்படியாக அ. லீலா ஊர்ஜிதமானாள். சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு நீ உள்ளே போனாய். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாடா எழுதிக்கிறாங்க, படி" என்றாள். எழுத்து எழுத்தாக விரலை வைத்து "அ. உண்ணா... மலை" என்று படித்தேன். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அது கோபமா, நீ வாயைப் பொத்திச் சிரித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலு மாதம் தாங்கிற்று. அப்புறம் கூடப் படிக்கிற பெண்கள் வாசலில் வந்து "லீலா, லீலா" என்று கூப்பிட்டார்கள். "யாருடா அது லீலா?" என்றாள் அம்மா. "கூடப் படிக்கிற பொண்ணும்மா." "அது இன்னாத்துக்கு நம்ம வூட்டுக்குள்ள இருந்து ஓடுது?" உயிரோடு இருக்கும்போதே என் பேரை அழித்துவிட்டீர்கள் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். காபி குடித்தாள். நீ சண்டைக்கும் போகவில்லை, பேரையும் மாற்றவில்லை. மூன்று வேளையும் தட்டை வைத்துவிட்டு வந்தாய்.

நாலாம் நாள் மத்தியானம். அம்மா கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் வேண்டுமென்று "உண்ணாமலை, ஏ உண்ணாமலை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நொண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது தன் பேர் என்றே தோன்றவில்லை. பாவம், அம்மா தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே ஒரு தடவை, "லீலா!"

"இன்னா ஆயா?" என்று பிள்ளை ஓடி வந்தது.

நீ அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "போய்ச் சேருது பாருங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னாய்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நீ கூப்பிட்டாய். சாப்பாட்டுக்கு, விளக்கு வைக்க, ஒன்றும் இல்லாததற்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதுகூட மாடியிலிருந்து கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாய். "காது போவுதும்மா" என்பாள். "போவட்டும்" என்பாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அப்படித்தான். வார்டு மொத்தத்துக்கும் நம் பெண் பேர் தெரியும். என் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. நர்ஸுகள் என்னை "லீலா அப்பா" என்றார்கள். என் ஆயுசை வாய்க்குள்ளேயே பொத்தி வைத்திருந்து, நாற்பத்து நாலு வயதில் நீ கிளம்பிவிட்டாய். அந்தக் கணக்கை உன் அம்மா எங்கே தப்பாகப் போட்டாள் என்று கேட்கவேண்டும் போலிருந்தது. கிழவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான் கேட்கவில்லை.

லீலா சென்னையில் படிக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது என்னை வசமாகப் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா, அம்மா ஒம் பேர சொல்லல, ஆயுசுன்னு ஒரு காரணம் இருந்துச்சு. நீ ஏன் அம்மா பேர சொன்னதே இல்ல?"

யோசித்துப் பார்த்தேன். இருபத்து நாலு வருஷம். ஏய் என்றிருக்கிறேன், இந்தா என்றிருக்கிறேன், இன்னாமே என்றிருக்கிறேன், தொண்டையைக் கனைத்திருக்கிறேன். உன் பேரைச் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தோன்றவே இல்லை, அவ்வளவுதான். கூப்பிடாமலே நீ வந்துகொண்டிருந்தாய்.

"தெரியலம்மா" என்றேன். "காபி இருக்குதா?"

அவள் ஊருக்குப் போன பிறகு ஒரு சாயங்காலம் மாடிக்குப் போனேன். எத்தனை பேரை நீ அங்கே நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாய், உன் பேர் எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் பார்க்கவில்லை. முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே கூப்பிட்டேன். எதிர்ச் சாரியில் மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். அவளுக்கும் அதே பேர் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"கூப்ட்டீங்களா மாமா?"

"உன்ன இல்லம்மா. எங்க வீட்டுக்காரியக் கூப்ட்டேன்."

நீ இல்லை என்பது தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி மாமா. கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூப்பிட்டேன். அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறேன்.